ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து வீரர் அமெரிக்கக் கால்பந்தில் பன்டராக மாறுவது எப்படி

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. மூன்று வாய்ப்புகளில் முடியாமல் போனால், நான்காவதில் பந்தைத் தொலைவில் உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கம். அந்த உதைக்குப் பன்ட் என்று பெயர், உதைப்பவர் பன்டர். கையிலிருந்து பந்தை விட்டு, அது தரையைத் தொடுமுன் உதைக்க வேண்டும் என்பதால், சிறு வயது முதல் அதையே செய்து வளர்ந்த ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து வீரருக்கு இந்த இடம் இயல்பாகவே பொருந்துகிறது. மெல்போர்னிலோ ஜீலாங்கிலோ பெர்த்திலோ உள்ளூர் அணியில் ஆடிவரும் ஒருவர், அவ்விளையாட்டின் உச்சத் தொடரான ஏ.எஃப்.எல். அணிப் பட்டியலில் இடம் கிடைக்காமலோ கிடைத்த இடத்தை இழந்தோ பன்டராக விரும்பினால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். உதைக்கும் வலிமை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியவை பந்தை விடும் கையின் பக்குவமும், ஏறத்தாழ ஒன்றேகால் நொடியில் வேலையை முடிக்கும் ஒழுங்கும்தான் என்பது என் உறுதியான கருத்து. எனவே இக்கட்டுரையின் பெரும்பகுதி அவ்விரண்டைப் பற்றியதாகவே இருக்கும்.

எந்த வழியில் செல்வது

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஏ.எஃப்.எல். ஆட்ட வாழ்வை முடித்துக்கொண்டு நேரே, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல். அணியின் கதவைத் தட்டுவது. மெல்போர்ன் அணியில் ஆடிய டேரன் பென்னட், சான் டியேகோ சார்ஜர்ஸ் அணியின் பயிற்சிக் குழுவில் சேர்ந்து, ஐரோப்பாவில் நடந்த வேர்ல்டு லீகில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் அணிக்காக உதைத்துப் பழகி, 1995-இல் சார்ஜர்ஸின் முதன்மைப் பன்டரானார். அந்த முதல் பருவத்திலேயே, சிறந்த வீரர்கள் ஆடும் புரோ பௌல் ஆட்டத்துக்கும் தேர்வானார். ஜீலாங் அணியின் தலைவராக இருந்த பென் கிரகாம் 2005-இல் நியூயார்க் ஜெட்ஸில் சேர்ந்தார். பின்னர் 2009 பிப்ரவரியில் அரிசோனா கார்டினல்ஸுக்காக ஆடியபோது, என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் களமிறங்கிய முதல் ஆஸ்திரேலியர் என்ற பெயரையும் பெற்றார். காலிங்வுட், வடக்கு மெல்போர்ன் அணிகளுக்காக 748 கோல்கள் அடித்த சேவ் ராக்கா, 2007-இல் தம் 33-ஆவது வயதில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் புதுமுகமாக நுழைந்தார்.

இம்மூவரின் கதைகளும் ஊக்கமளிப்பவைதாம். ஆனாலும் இன்றைய இளைஞருக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். என்.எஃப்.எல். அணிகள் 32, ஓர் அணிக்கு ஒரு பன்டர் என்பதால் இடங்களும் 32 மட்டுமே. ஓர் ஆட்டத்தில்கூட ஸ்னாப், அதாவது முன்னாலிருந்து பின்னோக்கி எறியப்படும் பந்தை, வாங்கி உதைத்திராத ஒருவரை அந்த இடத்தில் வைக்க எந்தப் பயிற்சியாளரும் எளிதில் துணிய மாட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலோ மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. அங்கே உதவித்தொகையுடன் ஒரு பட்டமும் கிடைக்கிறது, என்.எஃப்.எல். வாய்ப்பு அமையாமல் போனாலும் அந்தப் பட்டம் கையில் இருக்கும். இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர் இந்த இரண்டாம் வழியையே பிடிக்க வேண்டும்.

பிரிஸ்பேன் லயன்ஸில் ஆடிய நேதன் சாப்மன், 2004-இல் கிரீன் பே பேக்கர்ஸில் முயன்று பார்த்து, அங்கே இடம் கிடைக்காமல் திரும்பியபின் 2007-இல் மெல்போர்னில் புரோகிக் ஆஸ்திரேலியா என்ற பயிற்சி அமைப்பைத் தொடங்கினார். அதிலிருந்து சென்றவர்கள் கல்லூரிக் கால்பந்தின் முகத்தையே மாற்றிவிட்டனர். ஆண்டின் சிறந்த கல்லூரிப் பன்டருக்குத் தரப்படும் ரே கை விருதை 2013 முதல் 2017 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆஸ்திரேலியர்களே பெற்றனர்: டாம் ஹார்ன்சி, அடுத்து இருமுறை டாம் ஹாக்கெட், பிறகு மிட்ச் விஷ்னோவ்ஸ்கி, மைக்கேல் டிக்சன். அயோவா பல்கலைக்கழகத்தின் டோரி டெய்லர் 2023-இல் அவ்விருதைப் பெற்ற பருவத்தில், ஒரே பருவத்தில் பன்ட் செய்த மொத்த யார்டுகளுக்காக 1938 முதல் நின்றிருந்த சாதனையை, மொத்தம் 4,479 யார்டுகள் உதைத்து முறியடித்து, மறு ஆண்டு சிகாகோ பேர்ஸ் அணியால் நான்காம் சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முதலில் அளவுகோலை மாற்றிக்கொள்ளுங்கள்

ஏ.எஃப்.எல். வீரருக்கு 50 மீட்டர் உதை என்றால் பெருமை. அமெரிக்காவில் அந்த உதையை எவ்வாறு கணக்கிடுவார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பயிற்சியைத் தொடங்கினால் பல மாதங்கள் வீணாகும். பன்டர், அந்த வாய்ப்பு தொடங்கும் இடமான ஆட்டக் கோட்டுக்கு ஏறத்தாழ 15 யார்டு பின்னால் நிற்கிறார். பந்தைப் பிடித்து இரண்டு அடி வைத்து உதைக்கும்போது கோட்டிலிருந்து 11 யார்டு அளவு பின்னால் இருப்பார். தூரமோ கோட்டிலிருந்துதான் அளக்கப்படுகிறது. ஆகவே ஏட்டில் 45 யார்டு என்று பதிவாகும் பன்ட் உண்மையில் 56 யார்டு, அதாவது 51 மீட்டர் பறந்திருக்க வேண்டும். நன்றாக உதைக்கும் ஏ.எஃப்.எல். வீரரின் எல்லைக்குள் இது அடங்கும். கடினம் அந்தத் தூரத்தில் இல்லை. பந்து காற்றில் இருக்க வேண்டிய நேரத்தில்தான் இருக்கிறது.

அந்த நேரத்தை ஹேங் டைம் என்பார்கள். தூரத்தை யார்டில் எடுத்துப் பத்தால் வகுத்தால் தேவையான நொடிகள் கிடைக்கும் என்பது களத்தில் வழங்கும் எளிய கணக்கு: 45 யார்டுக்கு 4.5 நொடி. ஏ.எஃப்.எல்.-இல் சக வீரரின் மார்பை நோக்கித் தாழ்வாகவும் வேகமாகவும் உதைப்பதே நல்ல உதை. காற்றில் மிதக்கும் பந்து எதிரணிக்கு உதவும். பன்டிலோ நிலைமை நேர் எதிரானது. உங்கள் அணியில் பந்தைத் துரத்தி ஓடும் கன்னர்கள் ஓடிச்சென்று சேரும்வரை பந்து கீழே வரக்கூடாது. 50 யார்டு சென்ற தாழ்வான பன்டை எதிரணியின் ரிட்டர்னர் பிடித்து 15 யார்டு திருப்பி ஓடினால் உங்கள் நிகர அளவு 35. 44 யார்டு மட்டுமே சென்ற உயரமான பன்டை, அவர் கையை உயர்த்தி, ஓடாமல் பிடிக்கும் ஃபேர் கேட்ச் கேட்டுப் பிடித்துக்கொண்டால் நிகரம் 44. பயிற்சியாளர்கள் பார்ப்பது இந்த நிகரத்தைத்தான். எனவே மைதானத்துக்குச் செல்லும்போது அளவு நாடாவுக்கு முன்னால் நேரக்கடிகாரத்தை எடுத்துச் செல்லுங்கள்.

பந்தும் அதை விடும் கையும்

இரண்டு பந்துகளும் சுற்றளவில் கிட்டத்தட்ட ஒன்றே. ஆஸ்திரேலியப் பந்தின் நீளவாக்குச் சுற்றளவு 720 முதல் 730 மில்லிமீட்டர், அமெரிக்கப் பந்தினுடையது 711 முதல் 724. ஆனால் அமெரிக்கப் பந்தின் முனைகள் கூர்மையானவை, இடுப்பு சற்று ஒல்லியானது, காற்றழுத்தம் அதிகம்: ஆஸ்திரேலியப் பந்தில் 62 முதல் 76 கிலோபாஸ்கல், அமெரிக்கப் பந்தில் 86 முதல் 93. கூர்மையும் இறுக்கமும் சேர்வதால் பாதம் சரியாகப் படும் பரப்பு சுருங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியப் பந்தில் மன்னிக்கப்படும் சிறு பிழை இங்கே பந்தைப் பக்கவாட்டில் வெளியேற்றிவிடும். ஆகவே முடிவெடுத்த நாளிலிருந்தே அமெரிக்கப் பந்துகளை மட்டும் பயன்படுத்துங்கள்; புதிய பந்தின் மெழுகுப் பளபளப்பு போகும்வரை தேய்த்துப் பழக்கிக்கொள்ளுங்கள்.

வலது காலால் உதைப்பவர் என்று வைத்துக்கொண்டு விளக்குகிறேன். இடக்காலர் திசைகளை மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் பழகிய டிராப் பன்டில் பந்து செங்குத்தாக நின்று இறங்குகிறது, பாதம் அதன் கீழ் முனையைத் தரைக்கு அருகே சந்திக்கிறது, பந்து பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே செல்கிறது. அமெரிக்கப் பன்டரின் அடிப்படை உதையான, பந்து தன் நீள அச்சில் சுழன்று செல்லும் ஸ்பைரலில் பந்து கிடைமட்டமாக இறங்க வேண்டும். வலது கையால் பந்தின் பக்கத்தைப் பற்றி, தையல் மேலே இருக்கும்படி, கையை முன்னால் நீட்டி, வலது காலின் பாதைக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். முன்முனை சற்று உட்புறமாக, அதாவது இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இம்மியளவு கீழ்நோக்கியும் இருக்கலாம். பிறகு விரல்கள் ஒரே நேரத்தில் விலக வேண்டும். பந்து சுழலாமல், சாயாமல், கையில் இருந்த அதே நிலையில் இறங்கி, ஏறத்தாழ முழங்கால் உயரத்தில் புறங்காலின் கடினமான எலும்பைச் சற்றுக் குறுக்காகச் சந்திக்க வேண்டும். டிராப் பன்டில் பழகிய தாழ்வான தொடுபுள்ளியைக் கைவிட்டு மேலே கொண்டுவருவது உயரத்தையும் அதனால் ஹேங் டைமையும் தரும்.

ஏ.எஃப்.எல்.-இன் சுழல் உதையான டார்ப்பிடோ தெரிந்தவருக்கு இது முற்றிலும் அந்நியமாக இராது. ஆனால் ஏ.எஃப்.எல்.-இல் டார்ப்பிடோவை எப்போதாவது, நீண்ட ஓட்டத்துடன், தவறினாலும் பரவாயில்லை என்ற நிலையில் உதைப்பார்கள். இங்கே அதை இரண்டே அடிகளில், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக உதைக்க வேண்டும்.

இதற்கு நான் மிகவும் நம்பும் பயிற்சி, உதையே இல்லாத பயிற்சி. கான்கிரீட் அல்லது கடினமான தரையில் நின்று, அடி எடுத்து வைத்து, பந்தை விட்டுவிட்டுத் தரையில் விழ விடுங்கள். தட்டையாக விழுந்த பந்து நேராக மேலெழும்பும். முன்முனை முதலில் பட்டிருந்தால் அது உங்கள் கால்களை நோக்கித் தெறிக்கும், பின்முனை முதலில் பட்டிருந்தால் உங்களைவிட்டு முன்னால் பாயும், கடைசி நொடியில் மணிக்கட்டு திரும்பியிருந்தால் பக்கவாட்டில் ஓடும். ஒவ்வொரு தெறிப்பும் கையின் எந்தப் பகுதி தாமதமாக விலகியது என்பதைச் சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் அது கட்டைவிரலாகவே இருக்கும். இதை வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே செய்யலாம், காலுக்குக் களைப்பும் இல்லை. நாள்தோறும் உதைக்கும் எண்ணிக்கையைவிட இவ்வாறு விடும் எண்ணிக்கை பல மடங்கு இருக்க வேண்டும்.

நேரம் என்ற எதிராளி

லாங் ஸ்னாப்பர் தம் கால்களுக்கிடையே பின்னோக்கி எறியும் பந்து, 15 யார்டைக் கடந்து உங்களை அடைய முக்கால் நொடி ஆகும். அதைப் பிடித்ததிலிருந்து பாதம் படும்வரை உங்களுக்கு 1.2 முதல் 1.3 நொடி இருக்கிறது. மொத்தம் இரண்டு நொடியைத் தாண்டினால் தடுப்பாளர் கை பந்தில் பட்டுவிடும். ஏ.எஃப்.எல்.-இல் மார்க் எடுத்தவர், அதாவது உதைத்த பந்தை நேரே கையில் பிடித்தவர், பின்வாங்கி, சாக்ஸை இழுத்துவிட்டு, பத்துப் பதினைந்து அடி ஓடிவந்து உதைக்கலாம். ஓடிக்கொண்டே உதைத்தாலும் உடலின் வேகம் காலுக்குத் துணை செய்யும். பன்டருக்கு அந்த ஓட்டம் கிடையாது. வலது காலால் ஒரு சிறிய அடி, இடது காலால் ஒரு நீண்ட அடி, உடனே உதை. வேகம் முழுவதும் இடுப்பிலிருந்து வர வேண்டும்.

பயிற்சியை இந்த வரிசையில் அமைத்துக்கொள்ளுங்கள். முதலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு அடி உதை. அது நிலைத்தபின், நண்பர் ஒருவரை 15 யார்டு தள்ளி நிறுத்தி வேகமாக எறியச் சொல்லிப் பிடித்து உதையுங்கள். நல்ல ஸ்னாப் உங்கள் வலது இடுப்புக்கு வரும். ஆனால் அவரிடம் வேண்டுமென்றே தலைக்கு மேலும், கணுக்கால் அளவிலும், இடப்பக்கமும் எறியச் சொல்லுங்கள். பிடித்த பந்தை முதல் அடி வைக்கும்போதே தையல் மேலே வரும்படி திருப்பிக்கொள்ள வேண்டும். பார்த்துத் திருப்ப நேரமில்லை, விரல்களே உணர்ந்து செய்ய வேண்டும். இதையெல்லாம் கைப்பேசியில் நொடிக்கு 60 படங்கள் வீதம் பதிவு செய்து, பந்து கையில் பட்ட படத்திலிருந்து பாதம் பட்ட படம்வரை எண்ணுங்கள். 75 படங்கள் என்றால் 1.25 நொடி. மனக்கணக்கை நம்ப வேண்டாம். தொடக்கத்தில் எல்லோரும் தாங்கள் நினைப்பதைவிட மெதுவாகவே இருக்கிறார்கள்.

ஹெல்மெட்டைத் தள்ளிப்போடாமல் முதல் மாதத்திலேயே அணிந்துகொள்ளுங்கள். குனிந்து பந்தைப் பார்க்கும் கணத்தில் முகக்கம்பிகள் பார்வையின் கீழ்ப்பகுதியை மறைக்கும். வெறுந்தலையுடன் ஓராண்டு பழகிய கை, அந்த மறைப்பு வந்ததும் தடுமாறும்.

எந்த உதையை எப்போது

உங்கள் அணி தன் பாதியில் பின்னால் சிக்கியிருந்தால் உயரமான ஸ்பைரல்தான் விடை. எதிரணியின் எல்லை உதைக்கு எட்டும் தொலைவில் இருக்கும்போது, அதாவது ஆடுகளத்தின் நடுப்பகுதியிலிருந்து உதைக்கும்போது உங்கள் பழைய டிராப் பன்டை எடுங்கள். பந்து ஆடுகளத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் போய்விட்டால் டச்பேக் ஆகி எதிரணிக்கு 20 யார்டு கோட்டில் கிடைத்துவிடும். பின்சுழற்சியுடன் இறங்கும் டிராப் பன்ட், 10 யார்டு கோட்டருகே விழுந்து நிற்கவோ பின்னோக்கித் துள்ளவோ செய்யும். ஸ்பைரல் அப்படிக் கட்டுப்படாது. பென்னட் 1995-இல் இதைக் கொண்டுவந்தபோது புதுமையாக இருந்தது, இப்போது அமெரிக்கர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். என்றாலும் பத்தாயிரக்கணக்கான உதைகள் பழகிய கால் அதில் இன்னும் முன்னே நிற்கிறது.

கல்லூரியில் மூன்றாவது ஆயுதம் ஒன்று உண்டு. ஸ்னாப்பைப் பிடித்து வலப்பக்கமாகச் சில அடிகள் ஓடி, ஓட்டத்திலேயே தாழ்வாக உதைத்துப் பந்தை உருளவிடும் ரோல் அவுட் உதை. ஸ்னாப் ஆனதுமே அணியினர் அனைவரும் முன்னால் ஓடலாம் என்று கல்லூரி விதி அனுமதிப்பதால், பந்து காற்றில் குறைவாக இருந்தாலும் ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். என்.எஃப்.எல்.-இல் உதை நிகழும்வரை இரு ஓரங்களிலும் உள்ள இருவர் மட்டுமே கோட்டைத் தாண்டலாம். அதனால் அங்கே இந்த உதை எடுபடுவதில்லை. ஆஸ்திரேலிய மாணவர் பலர் கல்லூரியில் ரோல் அவுட்டிலேயே நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டு, என்.எஃப்.எல். தேர்வாளர் முன் நின்ற இடத்து ஸ்பைரலைக் காட்ட முடியாமல் திணறுவதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கல்லூரி அணி ரோல் அவுட் மட்டுமே கேட்டாலும், தனிப் பயிற்சியில் ஸ்பைரலை விடவே கூடாது. இன்னொன்று: கல்லூரி விதிப்படி, பந்துடன் டாக்கிள் பாக்ஸ் எனப்படும் நடுப்பகுதியைவிட்டு வெளியே ஓடிவிட்ட பன்டருக்கு மோதலிலிருந்து கிடைக்கும் விதிப் பாதுகாப்பு போய்விடும். உதைத்தவுடன் உடலைக் காத்துக்கொள்ளப் பழகுங்கள்.

எதிர்பாராதது நடக்கும்போது ஆஸ்திரேலியப் பயிற்சி எவ்வளவு உதவும் என்பதற்கு மைக்கேல் டிக்சன் 2021 அக்டோபரில் என்.எஃப்.எல். ஆட்டம் ஒன்றில் ராம்ஸ் அணிக்கு எதிராகச் செய்ததைக் காட்டலாம். அவருடைய பன்ட் தடுக்கப்பட்டுப் பந்து பக்கவாட்டில் உருண்டது. அவர் ஓடிச்சென்று அதைத் தரையிலிருந்து அள்ளியெடுத்து, ஆட்டக் கோட்டைத் தாண்டுமுன் ஓட்டத்திலேயே மறுபடி உதைத்தார். அந்தப் பன்ட் 68 யார்டு என்று பதிவாகி, பந்து எதிரணியின் 11 யார்டு கோட்டில் நின்றது. பந்து கோட்டுக்குப் பின்னாலேயே இருந்ததால் இரண்டாவது உதையும் செல்லும். தரையில் உருளும் முட்டைவடிவப் பந்தை ஓடியபடியே அள்ளுவது ஏ.எஃப்.எல்.-இல் அன்றாட வேலை. அமெரிக்கப் பன்டர் பலருக்கு அது பழக்கமில்லாதது.

உடல், காகிதங்கள், காணொளி

முழு வலிமையுடன் உதைக்கும் நாட்களை வாரத்துக்கு மூன்று நான்குக்கு மேல் வைக்காதீர்கள். ஓட்டத்தின் துணையில்லாத உதை தொடையின் முன்தசையையும் இடுப்பின் மடக்குத் தசையையும் கூடுதலாக இழுக்கும், ஏ.எஃப்.எல். வீரருக்கு அந்தச் சுமை புதியது. மறுபுறம், ஆட்ட நாளில் பன்டருக்கு நான்கைந்து உதைகளே கிடைக்கலாம். இடையில் அரைமணி நேரம்கூட நிற்க நேரும். ஓர் ஆட்டத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பழகிய உடலும் மனமும் அந்தக் காத்திருப்பில்தான் முதலில் குளறுபடி செய்கின்றன. ஆகவே பயிற்சியிலும் ஒரு பன்ட் உதைத்துவிட்டுக் கால்மணி நேரம் உட்கார்ந்து, எழுந்து, வலையில் ஓர் உதை மட்டும் சூடேற்றிக்கொண்டு அடுத்ததை உதையுங்கள்.

கல்லூரி வழிக்கு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தகுதி மையத்தில் பதிவு செய்து, பள்ளி மதிப்பெண் பட்டியல்களை அனுப்பி, தொழில்முறை வீரர் அல்லர் என்ற அமெச்சூர் தகுதியும் பெற வேண்டும். 12-ஆம் வகுப்பை அரைகுறையாக விட்டவர்கள் இங்கேதான் தடுக்கப்படுகிறார்கள். படிப்பை முடிப்பது முதல் வேலை. ஒரு விளையாட்டில் தொழில்முறை வீரராக இருந்தவர் வேறொரு விளையாட்டில் கல்லூரிக்காக ஆடலாம் என்பதால் ஏ.எஃப்.எல். ஒப்பந்தம் தடையாகாது: செயின்ட் கில்டாவில் ஆடிய ஆரின் சிபோஸ் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கும், ஃப்ரீமான்டில் பட்டியலில் இருந்த மேக்ஸ் டஃபி கென்டக்கிக்கும் ஆடினர், டஃபி 2019-இல் ரே கை விருதும் பெற்றார். ஆனால் பள்ளி முடித்தபின் கடக்கும் ஆண்டுகள் தகுதிக் காலத்தைக் குறைக்கக்கூடும். விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. எனவே தயங்கிக்கொண்டே ஆண்டுகளைக் கழிக்காமல், தகுதி மையத்தின் நடப்பு விதிகளை நேரடியாகப் படித்துப் பாருங்கள். மாணவர் விசாவில் இருப்பவருக்கு வேலை வருமானத்தில் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், விளம்பர ஒப்பந்தம் எதிலும் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

பயிற்சியாளருக்கு அனுப்பும் காணொளியில் இசையும் வெட்டி ஒட்டுதலும் வேண்டாம். ஸ்னாப் பிடிப்பதிலிருந்து பந்து தரையிறங்கும்வரை ஒரே ஓட்டமாக, அடுத்தடுத்துப் பத்துப் பன்ட்கள். அவற்றில் தவறியவையும் இருக்கட்டும். ஒரு சிறந்த உதை எல்லோரிடமும் உண்டு. பத்தில் எட்டு எப்படி இருக்கின்றன என்பதையே அவர் அறிய விரும்புகிறார்.

அந்தக் காணொளியில் ஹோல்டர் வேலையையும் காட்ட முடிந்தால் காட்டுங்கள். கோல் கம்பங்களுக்கிடையே பந்தைச் செலுத்தும் ஃபீல்டு கோல் உதையின்போது ஸ்னாப்பைப் பிடித்துத் தரையில் நிறுத்திக் கொடுப்பவர் பெரும்பாலும் பன்டரே. ஏ.எஃப்.எல்.-இல் இதற்கு ஒப்பான எதுவும் இல்லை. கோட்டுக்கு ஏழு யார்டு பின்னால் ஒரு முழங்கால் ஊன்றி உட்கார்ந்து, வரும் பந்தைப் பிடித்து, குறித்த புள்ளியில் முனையை ஊன்றி, தையல் கோல் கம்பங்களை நோக்கும்படி சுழற்றி, ஒரு விரலால் அழுத்தி நிறுத்த வேண்டும். ஸ்னாப் தொடங்கி உதை முடியும்வரை மொத்தமே ஏறத்தாழ 1.3 நொடி. வெயிலில் இதைக் கற்ற பிறகு, விறைத்த விரல்களுடன் குளிரிலும் பழகுங்கள். சிகாகோவிலோ பஃபலோவிலோ டிசம்பரில் பந்து கல்லாக இறுகியிருக்கும். இரண்டு பன்டர்கள் ஏறத்தாழ சமமாக உதைக்கும் முகாமில், ஃபீல்டு கோல் உதைக்கும் கிக்கர் யாருடைய பிடியை நம்புகிறாரோ அவரையே அணி வைத்துக்கொள்ளும்.